குதிரையின் மண்ணீரலும் இரண்டு ரத்த அறிக்கைகளும் (கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

ராஜாக்கமங்கலம் பக்கம் கடற்கரைச் சவாரிக்கு விடும் ஆண் குதிரை ஒன்று வைத்திருக்கிறோம். வயது 11, எடை 300 கிலோ வரும். போன மாதம் மதியம் ஓட்டி வந்து நிறுத்தியதும் எடுத்த ரத்தத்தில் பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, சதவீதத்தில்) 54, மொத்தப் புரதம் 6.9. பத்து நாள் கழித்துக் காலையில் லாயத்திலேயே எடுத்ததில் பிசிவி 36, புரதம் 6.8. "ரத்தம் பாதி இறங்கிப் போச்சு, அயர்ன் ஊசி போடணும்" என்கிறார் மருந்துக்கடைக்காரர். நடுவில் இரண்டு நாள் தீனி எடுக்காமல் இடப்பக்க வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கண்ணின் உள்தோலும் மஞ்சளாக இருந்தது. வயிற்றை அமுக்கிப் பார்த்த ஒருவர் மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றார். கீழாநெல்லி அரைத்து ஊற்றச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

செல்வின்

அன்புள்ள செல்வின்,

அயர்ன் ஊசி வேண்டாம். இரண்டு அறிக்கையும் சரிதான். ரத்தம் எடுத்த நேரம் வேறு, அவ்வளவே.

குதிரையின் மண்ணீரல் இடப்பக்கம், பின் விலாக்களுக்கு உட்புறமாக, வயிற்றுச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அரிவாள் வடிவம். மேல்பாகம் அகலம், கீழே போகப் போகக் குறுகும். அதன் உறையிலும், உறையிலிருந்து உள்ளே ஓடும் தடுப்புகளிலும் தசை நிறைய உண்டு. நமக்கு அந்தத் தசை பேருக்குத்தான், நம் மண்ணீரல் பெரிதாக ரத்தம் சேமிப்பதுமில்லை. குதிரை சும்மா நிற்கும்போது அதன் மொத்தச் சிவப்பணுக்களில் மூன்றில் ஒரு பங்கு, சில குதிரைகளில் அதற்கும் மேல், மண்ணீரலுக்குள் தங்கியிருக்கும். பயந்தாலும் ஓடினாலும் அட்ரினலின் ஏறும், தசை சுருங்கும், தேங்கியிருந்த சிவப்பணுக்கள் ஓட்டத்தில் இறங்கிவிடும். இதற்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம். ஓய்வில் 35, 40 என்று நிற்கும் பிசிவி முழு ஓட்டத்தில் 60ஐத் தாண்டும். இதயம் நிமிடத்துக்கு 30, 40 துடிப்பிலிருந்து 220க்கு மேல் போகிற விலங்கு இது. அந்த நேரத்தில் ஆக்சிஜன் சுமக்க ஆள் போதாது என்பதால்தான் இந்தச் சேமிப்பு.

உங்கள் அறிக்கையில் மருந்துக்கடைக்காரர் பார்க்காமல் விட்ட எண் புரதம். மண்ணீரல் இறக்கிவிடுவது அணுக்களைத்தான். அதனால் பிசிவி குதிக்கும், புரதம் பெரிதாக அசையாது. வியர்த்து நீர் வற்றியிருந்தால் பிசிவியும் புரதமும் சேர்ந்தே ஏறும். உங்கள் குதிரைக்கு 6.9, 6.8. அதாவது முதல் நாள் அது வற்றிப்போயிருக்கவில்லை, ஓடி வந்து நின்றது. உண்மையான அளவு 36. சவாரிக் குதிரைக்கு அது போதும். பிசிவியோடு புரதத்தையும் எழுதித் தராத ஆய்வகத்துக்குக் குதிரை ரத்தம் அனுப்புவதே வீண் என்பது என் கருத்து.

அடுத்த முறை எடுக்கும்போது காலையில், வேலைக்கும் தீனிக்கும் முன்னால், லாயத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள். வழக்கமாகப் பார்த்துக்கொள்கிற ஆள்தான் தலைக்கயிற்றைப் பிடிக்க வேண்டும். மேலுதட்டைக் கயிற்றால் முறுக்கிப் பிடித்தால் எடுத்த காரியமே கெட்டது, அந்த வலியிலேயே மண்ணீரல் சுருங்கிவிடும். கழுத்துச் சிரையில் ஒரே குத்தில் எடுத்து, ஊதா மூடிக் குழாயில் குறித்த கோடு வரை நிரப்பி, குலுக்காமல் ஏழெட்டு முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். ஓடி வந்த குதிரையானால் ஒன்றிரண்டு மணி நேரம் பொறுக்கணும். மயக்கத்துக்கு அசிப்புரோமசின் போட்டிருந்தால் கதை தலைகீழ். மண்ணீரல் தளர்ந்து ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், பிசிவி பொய்யாக இறங்கும்.

இதன் ஆபத்தான பக்கம் ஒன்றும் உண்டு. அடிபட்டு உள்ளே ரத்தம் கசிகிற குதிரைக்கு முதல் சில மணி நேரம் பிசிவி இயல்பாகவே வரும். மண்ணீரல் ஈடுகட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் எண்ணைப் பார்த்து நிம்மதியடையாமல் ஈறின் நிறத்தையும் நாடித் துடிப்பையும் பாருங்கள்.

இரும்புக்கு வருகிறேன். குதிரைக்கு இரும்புச்சத்துக் குறைவால் சோகை வருவது அபூர்வம். புல்லிலும் மண்ணிலும் தேவைக்கு மேலேயே கிடைக்கிறது. ஊசி வழி இரும்பு சில குதிரைகளுக்குக் கடும் ஒவ்வாமையாகி, நின்ற இடத்திலேயே உயிரை வாங்கியிருக்கிறது. உண்மையான சோகை என்றால் ஓய்வில் எடுத்த பிசிவி வாரா வாரம் இறங்கிக்கொண்டே போகும். மற்ற விலங்குகளில் எலும்பு மஜ்ஜை இளம் சிவப்பணுக்களை ரத்தத்தில் விடும், அதை எண்ணித் தேறுகிறதா என்று சொல்லலாம். குதிரை அவற்றை வெளியே விடுவதேயில்லை எனலாம். ஆகவே ஒற்றை அறிக்கையை வைத்து அதன் மஜ்ஜையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

மஞ்சள் நிறம். இரண்டு நாள் பட்டினி கிடந்த குதிரைக்கு, கல்லீரலில் ஒரு குறையும் இல்லாமலே கண் மஞ்சளாகும். தீனி நின்றால் ரத்தத்திலிருந்து பிலிருபின் என்கிற மஞ்சள் நிறமியைக் கல்லீரல் எடுத்துக்கொள்வது மந்தப்படும், தின்னத் தொடங்கினால் தெளியும். (குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. பித்தநீர் கல்லீரலிலிருந்து நேரே குடலுக்கு ஓயாமல் வடிகிறது. ஆனால் இந்த மஞ்சளுக்குக் காரணம் அதுவல்ல.) கீழாநெல்லியைவிட எனக்குப் பயம் அதை ஊற்றும் விதத்தில். மாட்டுக்கு ஊற்றுவது மாதிரி மூங்கில் குழாயில் குதிரைக்கு ஊற்றினால் பாதி நுரையீரலுக்குப் போகும். மஞ்சளோடு காய்ச்சலும் இருந்தால் விஷயம் வேறு. உண்ணியால் வரும் பேபீசியா, தைலேரியா, கடிக்கும் ஈக்களால் வரும் சர்ரா ஆகிய ரத்த ஒட்டுண்ணி நோய்கள் மூன்றிலும் சிவப்பணு அழியும், மண்ணீரல் உண்மையாகவே பெருக்கும். காய்ச்சல் இருக்கும்போதே ரத்தத்தை ஸ்லைடில் இழுத்துப் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து அமுக்கி மண்ணீரல் வீக்கம் சொன்னவர் திறமைசாலிதான்! விலா மறைத்திருக்கிறது. விலாவுக்குப் பின்னால் புடைத்துத் தெரிவது பெரும்பாலும் வாயு நிறைந்த பெருங்குடல். மருத்துவர் ஆசனவாய் வழி கைவிட்டால்தான் மண்ணீரலின் பின் ஓரம் தட்டுப்படும். ஸ்கேனிலும் பார்க்கலாம். குதிரை இடப்பக்கம் திரும்பிப் பார்ப்பது வலிக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. எங்கே என்று சொல்வதில்லை.

ஆனாலும் அந்த இடத்தில் மண்ணீரலுக்குப் பங்குள்ள ஒரு கோளாறு உண்டு. மண்ணீரலின் மேல் முனையும் இடது சிறுநீரகமும் ஒரு தசைநார்ப் பட்டையால் கட்டப்பட்டிருக்கின்றன. பட்டைக்கு மேலே ஒரு பள்ளம். குதிரையின் பெருங்குடல் மூன்று நான்கு மீட்டர் நீளம், அதில் பெரும்பகுதி எதிலும் கட்டப்படாமல் தொங்குவது. வாயு ஏறியதும் மண்ணீரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையே மேலேறி, அந்தப் பட்டையில் கொடித்துணியாக மாட்டிக்கொள்ளும். ஸ்கேனில் இடது சிறுநீரகம் தெரியாது, வாயு மறைக்கும். கைவிட்டுப் பார்த்தால் மண்ணீரல் சுவரை விட்டு உள்ளே தள்ளியிருக்கும். மருத்துவர் ஃபினைலெஃப்ரினைச் சொட்டு மருந்தாகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஏற்றுவார். மண்ணீரல் சுருங்கியதும் வட்டக் கயிற்றில் மெல்ல ஓட்டினால் பல குதிரைகளில் குடல் நழுவி இறங்கிவிடும். வயது 15க்கு மேலானால் இந்த மருந்தால் உள்ளே ரத்தக்கசிவு வரும் அபாயம் கூடும். உங்கள் குதிரை அதற்குக் கீழே. இறங்காவிட்டால் மயக்கி உருட்டுவது, அதற்கும் மேல் அறுவை. வயிற்றுவலி வந்த குதிரையை மருந்தில்லாமல் சும்மா விரட்டி ஓட்டுவது இந்தச் சிகிச்சை ஆகாது.

உங்கள் இடத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது மணலைத்தான். தரையில் போட்ட தீனியோடு மணலும் போய்ப் பெருங்குடலின் அடிப்பாகத்தில் படியும். தரையில் படாத லத்தி உருண்டை ஐந்தாறு எடுத்து, நீளமான பிளாஸ்டிக் கையுறையில் தண்ணீரோடு கரைத்து, விரல்கள் கீழே பார்க்கத் தொங்கவிட்டு இருபது நிமிடம் கழித்துத் தடவுங்கள். ஒரு தேக்கரண்டிக்கு மேல் மணல் தேறினால் கவனிக்க வேண்டியது. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் கனமானது, விரல் நுனியில் முதலில் அதுதான் சேரும். மணல் வரவில்லை என்பதற்காக இல்லை என்று முடிவுகட்டாதீர்கள், உள்ளே அசையாமலும் கிடக்கும்.

தினம் 150 முதல் 300 கிராம் இசப்கோலை ஈரத் தவிட்டில் பிசைந்து, கூழாகு முன்னே ஒரு வாரம் கொடுங்கள். அதோடு எப்சம் உப்பையும் மருத்துவர் மூக்குக் குழாய் வழியாக நாலு நாள் கொடுத்தால் பலன் கூடும். தீனி ரப்பர் பாய் மேலோ தொட்டியிலோ. மணலில் இறக்கும் முன் வயிறு நிறைய வைக்கோலோ புல்லோ தின்றிருக்கட்டும். காணம் (கொள்ளு) ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். இரைப்பை சிறிது, குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது, மிஞ்சினால் கிழியும். மூக்கு வழியே தீனி நீர் வழிந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அந்த ராத்திரியே மருத்துவரை அழையுங்கள். நாகர்கோவிலில் கைமீறினால் அடுத்து திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி. வண்டி ஏற்றும் முன் மருத்துவர் மூக்குக் குழாய் விட்டு இரைப்பையைக் காலி செய்திருக்க வேண்டும்.