கைவினைக் கேள்வி-பதில்: கண்ணி உருவி வராத கால்மிதி

கேள்வி: பழைய பனியன்களைப் பட்டையாக வெட்டி, சாக்குத்துணியில் குரோஷா ஊசியால் கண்ணி இழுத்து, 18 அங்குலத்துக்கு 24 அங்குலம் அளவில் ஒரு கால்மிதி செய்து வருகிறேன். பாதி முடிந்த நிலையில் ஓரிடத்தில் கண்ணிகள் வரிசையாக உருவி வருகின்றன. இன்னோர் இடத்தில் விரிப்பு கிண்ணம்போல் குழிந்து நிற்கிறது. அடியில் பசை தடவிவிடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: பசை வேண்டாம். காய்ந்த பசை நாளடைவில் வெடித்து உதிரும். அதன்பின் ஒரு கண்ணி அறுந்தால்கூட எடுத்து மாற்ற முடியாது. நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் மூலம் ஒன்றே. இந்த விரிப்பில் முடிச்சு என்பதே கிடையாது. சாக்கின் இழைகள் பட்டையை நெருக்கிப் பிடிப்பதாலும், பக்கத்துக் கண்ணிகள் ஒன்றையொன்று தாங்குவதாலும் மட்டுமே அது நிற்கிறது. நெருக்கம் குறைந்த இடத்தில் கண்ணி உருவும். அளவுக்கு மீறிய இடத்தில் துணி குழியும்.

குழிந்த இடத்தில் நான்கைந்து கண்ணிகளுக்கு ஒன்று வீதம் எடுத்துவிட்டு, அடிப்பக்கம் மேலே தெரியுமாறு திருப்பி, ஈரத்துணியை விரித்து இஸ்திரி போடுங்கள். உருவும் இடத்தைப் பிரித்து மறுபடி போடுவதே நல்லது. பட்டையைச் சாக்கின் அடியில் இடக்கையால் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து ஊசியை நுழைத்து, பட்டையைக் கால் அங்குல உயரத்துக்கு மேலே இழுங்கள். இழுக்கும்போது ஊசியை முந்தைய கண்ணியின் பக்கமாகச் சற்றுச் சாய்த்தால் அந்தக் கண்ணி கீழே இறங்காது. நேராகத் தூக்கினால் அது உடனே சுருங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒவ்வொரு துளையிலும் போட வேண்டியதில்லை. கண்ணிகள் தோளோடு தோள் உரசி நின்றால் போதும். பட்டையின் இரு நுனிகளையும் மேற்பக்கம் இழுத்துக் கண்ணி உயரத்துக்குக் கத்தரித்துவிடுங்கள். அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தால் புடைப்பில்லாமல், ஒரு பட்டைமேல் இன்னொன்று குறுக்கே ஏறாமல், வழவழப்பாக இருக்க வேண்டும். குறுக்கே ஏறிய பட்டைதான் காலில் மாட்டி, ஒரு வரிசை முழுவதையும் உருவிக்கொண்டு வரும்.

சாக்கையும் ஒருமுறை பாருங்கள். இப்போது அரிசி வரும் பிளாஸ்டிக் சாக்கு இதற்கு உதவாது. அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இழை ஓடும் சணல் சாக்கே ஏற்றது. அதை எம்பிராய்டரி வளையத்திலோ மரச்சட்டத்திலோ முரசுத் தோல்போல இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கேள்வி: இந்த விரிப்புக்குக் கம்பளித் துணிதான் ஏற்றது என்று ஒரு தோழி சொல்கிறார். பனியன் துணியில் செய்தால் நிற்காதா?
- வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாக நிற்கும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் கனடாவின் கிழக்குக் கடலோரத்திலும் இக்கலையை வளர்த்த பெண்கள், தானியம் வந்த சணல் சாக்கைப் பிரித்து, கிழிந்த கம்பளி உடைகளைக் கண்ணியாக்கினார்கள். குளிர்நாட்டு வீட்டில் கிழிந்து மிஞ்சியது கம்பளி, அதனால் கம்பளி. அதே கடலோரத்தில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவுக்கு 1892இல் மருத்துவப் பணிக்கு வந்த வில்ஃப்ரெட் கிரென்ஃபெல் நிறுவிய அமைப்பு, 1920களிலும் 30களிலும் ஓட்டை விழுந்த பட்டுக் காலுறைகளைக் கேட்டு வாங்கிச் சாயமேற்றி மீனவப் பெண்களுக்குக் கொடுத்தது. அவர்கள் சாக்கின் ஒரு துளைகூட விடாமல் கண்ணி போட்டுப் பனிக்கரடியும் நாய்வண்டியும் வரைந்த விரிப்புகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. காலுறையைப் போலவே பனியனும் பின்னல் துணி. இழுத்தால் ஓரம் சுருண்டு நூல்போல ஆகிவிடும், பிசிறும் வராது. அரை அங்குல அகலத்தில் வெட்டுங்கள். விரிப்பின் பரப்பைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு துணி தேவைப்படும் என்பதால், ஒரே நிறத்தில் பின்னணி வேண்டுமானால் அதற்கான துணியை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். பாதியில் நிறம் தீர்ந்துபோவதுதான் இதில் அடிக்கடி நேரும் ஏமாற்றம்.

கேள்வி: முடித்த விரிப்பின் ஓரத்தை எப்படி அடைப்பது? துவைக்கலாமா?
- வாசகர், மதுரை

பதில்: சுற்றிலும் இரண்டங்குலம் சாக்கு விட்டு, விளிம்பில் ஜிக்ஜாக் தையல் போட்டபின் வெட்டுங்கள். அதை ஒரு கயிற்றின்மேல் மடித்து, கெட்டி நூலால் நெருக்கமாகச் சுற்றித் தைத்தால் ஓரம் தேயாது. நனைந்த சணல் வலுவிழக்கும் என்பதால் ஊறவைப்பதும் வாஷிங் மெஷினில் போடுவதும் கூடாது. தூசியை மெல்லத் தட்டி, அழுக்கான இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். குளியலறை வாசலில் மட்டும் இதைப் போடாதீர்கள்.