சங்கீதம் எடுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகள் 9ஆந் தரம் படிக்கிறாள். அடுத்த வருடத் தொகுதிப் பாடங்களைத் தெரிவு செய்து தரச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குக் கர்நாடக சங்கீதம் எடுக்க ஆசை. "விஞ்ஞானம் படிக்கப் போகிற பிள்ளைக்கு இது எதற்கு?" என்று வீட்டில் ஒரே சண்டை. என்ன செய்ய?
– ஒரு தாய், வவுனியா

பதில்: எடுக்க விடுங்கள் அம்மா. சாதாரண தரத்தில் சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் எல்லாருக்கும் கட்டாயம், மிச்சம் மூன்றும்தான் தொகுதிப் பாடங்கள். சித்திரம், நடனம், நாடகம், இலக்கியம் எல்லாம் இருக்கிற அந்த இரண்டாம் தொகுதியில் எப்படியும் ஒன்று எடுத்தே ஆகவேண்டும், அது சங்கீதமாக இருந்தால் விஞ்ஞானப் பிரிவுக்குப் போகிற வழி அடைபடாது.

என் கவலை வேறு. சுலபமாக 'ஏ' எடுக்கலாம் என்று வருகிற பிள்ளைகள் ராக இலட்சணத்தை, அதாவது ஒரு ராகத்தில் எந்தெந்த ஸ்வரங்கள் வரும் என்பதைப் பாடமாக்கி எழுதிவிடுகிறார்கள், வாயைத் திறப்பதில்லை. என்னிடம் வந்த ஒரு பிள்ளை, மாயாமாளவகௌளை ராகம் 15ஆவது மேளம் (தாய் ராகம்), சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம் என்று ஒரு பிழை இல்லாமல் ஒப்புவித்தாள். சரி, 'ஸ ரி க' பாடம்மா என்றேன், ரிஷபம் (ரி) மேலே ஏறி அப்படியே சங்கராபரணம் என்ற வேறு ராகமாகிவிட்டது! ஸவோடு ஒட்டினாற்போல ரி நிற்க, அங்கிருந்து கவுக்கு ஒரு பெரிய தாவல் இருக்கிறதே, அது காதில் ஏறாமல் இலட்சணம் எழுதி என்ன பயன்? சுருதிப் பெட்டிக்கு முன்னால் இருத்தித் தினமும் 20 நிமிடம் சரளி வரிசை என்ற ஆரம்பப் பயிற்சியை மட்டும் பாட வைத்தேன், இரண்டு மாதத்தில் தன் பிழையைத் தானே பிடிக்கத் தொடங்கிவிட்டாள்.

உங்கள் மகளையும் விடிய எழும்பிப் பாட வையுங்கள். தாளமும் அப்படித்தான். மிஸ்ர ஜாதி ஜம்பைத் தாளம் என்றால் அதன் அங்கங்கள் லகு 7, அனுதிருதம் 1, திருதம் 2, மொத்தம் 10 எண்ணிக்கை என்று எழுதிவிடலாம், ஆனால் செயன்முறைப் பரீட்சையில் கைதான் பேச வேண்டும், பஸ்ஸில் போகும்போதுகூடத் தொடையில் போட்டுப் பழகட்டும். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கும் போகிறாள் என்றால் நல்லது, பாடிப் பழகுவது இரண்டுக்கும் உதவும். பிறகு இதையே படிக்க மனம் வந்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்த பீடம், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகம் இருக்கின்றன.

கேள்வி: 11ஆந் தரத்தில் சங்கீதம் படிக்கிறேன். குரல் உடைந்துவிட்டது, மேல் ஸ்வரங்கள் பிடிபடவில்லை. பாடத்தை விட்டுவிடவா?
– மாணவன், மட்டக்களப்பு

பதில்: விட வேண்டாம் தம்பி. ஆண்பிள்ளைகளுக்குக் குரல் மாறுகிற வயது இது, பழைய 5 கட்டைச் சுருதியிலேயே (கட்டை என்பது சுருதியின் உயரம்) பாட நினைத்தால் தொண்டைதான் நோகும். ஒன்று, ஒன்றரைக் கட்டைக்கு இறக்கிப் பாருங்கள், ஆசிரியரிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். தாரஸ்தாயியில் (மேல் ஸ்வரங்களில்) நின்று பாட வேண்டிய கீர்த்தனைகளைக் கொஞ்சக் காலம் தள்ளி வையுங்கள், மந்தர ஸ்தாயியில் (கீழ் ஸ்வரங்களில்) மெதுவாக வரிசைகளைப் பாடுங்கள், தொண்டை நோகத் தொடங்கினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.