3 டாக்டர், 11 மாத்திரை: அம்மாவின் தலைசுற்றல் பற்றி

உங்கள் அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரை, பிரஷர், மூட்டுவலிக்கு ஆளுக்கொரு டாக்டர், 11 மாத்திரை, காலையில் எழுந்தால் தலைசுற்றல். அடுத்து எந்த ஸ்பெஷலிஸ்ட் என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் வேண்டாம் என்பேன். மூன்று சீட்டையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு குடும்ப டாக்டர் போதும். நர்ஸ், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும், நீங்களாக வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். என் அப்பாவின் பையில் ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருந்தது. கண்டுபிடித்தவர் மருந்தாளுநர்! அப்புறம், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அது தெரியாமல் இன்னொரு டாக்டர் பிரஷர் மாத்திரையைக் கூட்டியிருக்கலாம்.

படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற 1, 3 நிமிடங்களிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதுவே காரணமாக இருக்கலாம். தலை சுற்றும் நேரத்தில் சர்க்கரை அளவையும் குறித்து வையுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். டாக்டரைப் பார்க்கும்வரை அம்மா கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழட்டும்.