வார்டுக்கு நிற்கிறேன், கேளுங்கள்

2022 பிப்ரவரியில் நாம் ஓட்டுப் போட்டு அமைந்த மாநகராட்சி மன்றங்களின் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த தேர்தலில் எங்கள் வார்டில் சுயேச்சையாக நிற்பதாக இருக்கிறேன். குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளராக மாநகராட்சிப் படி ஏறி இறங்கிய பழக்கம்தான் என் முதல். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே போட்டிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, ஜெயிச்சா எங்க தெருவுக்கு ரோடு போட்டுத் தருவீங்களா?

பதில்: அந்த ரோடு யாருடையது என்று முதலில் பார்க்கணும், தம்பி. ஊருக்குள் ஓடும் பெரிய ரோடுகள் பலவும் நெடுஞ்சாலைத் துறையுடையவை. அங்கே பள்ளம் விழுந்தால் கவுன்சிலர் மனுதான் கொடுக்க முடியும். உங்களுடையது உட்தெரு, மாநகராட்சிக்குச் சொந்தம். அதிலும் வேலையைச் செய்வது கமிஷனருக்குக் கீழே இருக்கும் பொறியியல் பிரிவு. மன்றம் தீர்மானம் போட்டுப் பணம் ஒதுக்கும். உங்கள் தெருவை வேலைப் பட்டியலில் ஏற்ற வைப்பதும், போடுகிற ராத்திரி கூடவே நிற்பதும் என் பங்கு.

நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பது உங்கள் வாசலிலேயே தெரியும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, தெரு ஏறி வீடு இறங்கிவிட்டது. சுரண்டிய பிறகுதான் போட வேண்டும் என்று 2021 மே மாதத்திலேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். 'மெஷின் உங்க தெருவுல நுழையாது மேடம்' என்பார்கள். சின்ன மெஷினும் இருக்கிறது, சார் என்று சொல்லணும். ரோடு போடுவதற்கு முந்தின நாள் வாசல் படிக்கும் தெருவுக்கும் எத்தனை இன்ச் என்று டேப் வைத்து அளந்து, டேப்போடு போட்டோ எடுத்து வையுங்கள். போட்ட மறுநாளும் அதே இடத்தில் அளங்கள். எம்-புக்கில், அதாவது செய்த வேலையைப் பொறியாளர் அளந்து எழுதும் புத்தகத்தில், சுரண்டியதாக எழுதிப் பில் போயிருந்தால், மன்றத்தில் காட்ட எனக்கு அந்த இரண்டு போட்டோ போதும்.

கேள்வி: வீட்டு வரியைக் குறைக்கப் போராடுவீர்களா?

பதில்: போராடலாம் சார், குறைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். 2022-ல் வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று ஏற்றினார்கள். சென்னையின் பழைய பகுதிகளில் அது 50-ல் தொடங்கி 150 வரை போனது. 2024-ல் இன்னொரு 6 சதவீதம். இதெல்லாம் கோட்டையில் முடிவாகி வருவது, மன்றம் கைதூக்கும். என்னால் ஆவது வேறு. உங்கள் வீட்டின் சதுர அடி தப்பாக ஏறியிருக்கலாம், குடியிருக்கும் மாடி வணிகக் கணக்கில் போயிருக்கலாம். அந்த மேல்முறையீட்டுக்குக் கூட வருவேன். அரையாண்டின் முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. அதைப் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: தப்பா நினைக்காதீங்க மேடம். ஜெயிச்ச பிறகு உங்க வீட்டுக்காரர்தானே கவுன்சிலர்?

பதில்: தப்பே இல்லை, எல்லாப் பெண் வேட்பாளரிடமும் கேளுங்கள். சரிபாதி வார்டுகள் பெண்களுக்கு என்று சட்டம் போட்டும், பல வார்டுகளில் ஆபீஸ் நாற்காலியில் உட்காருவது யார் என்று ஊருக்கே தெரியும். நோட்டீஸில் போட்டிருக்கிற நம்பருக்கு இப்போதே போன் அடித்துப் பாருங்கள். எடுப்பவர்தான் நாளைக்கும் கவுன்சிலர். என் வீட்டுக்காரருக்கு என் பிரச்சாரத்தைவிட கிரிக்கெட் ஸ்கோர் முக்கியம்.

கேள்வி: மாசம் பத்தாயிரத்துக்கா இத்தனை லட்சம் செலவு பண்ணி நிற்கிறாங்க?

பதில்: 2023-ல் அறிவித்த மதிப்பூதியம் அதுதான்: மாநகராட்சி கவுன்சிலருக்கு மாதம் 10,000, மேயருக்கு 30,000. போட்டதை எங்கே எடுக்கிறார்கள் என்று வீடு கட்டியவர்களைக் கேளுங்கள். ஜல்லி இறங்கிய அன்றே ஆள் வந்துவிடும். ஓட்டுக்குக் காசு வாங்கிவிட்டு, அந்த ஆள் வரும்போது மட்டும் கோபப்பட்டுப் பயனில்லை.

கேள்வி: மேயர் ஆளுங்கட்சி, மெஜாரிட்டி அவங்களுக்கு. தனி ஆளா நீங்க என்ன கிழிக்கப் போறீங்க அக்கா?

பதில்: மேயரை இப்போது கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 1996-லும் 2011-லும் போல மக்கள் நேரடியாகப் போடும் ஓட்டு இல்லை. அதனால் கட்சி மேலிடம் சொன்னபடிதான் நடக்கும். 2024-ல் காஞ்சிபுரம் மேயர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது ஓட்டுப் போட ஒரு கவுன்சிலர்கூட வரவில்லை, தீர்மானம் விழுந்தது.

ஆனால் மன்றக் கூட்டத்தைப் பார்வையாளராக உட்கார்ந்து பார்த்தவள் நான். அஜெண்டா தடிப் புத்தகமாக வரும். தீர்மான எண்ணை மட்டும் மடமடவென்று வாசிப்பார்கள், மேஜையைத் தட்டுவார்கள், 'ஆல் பாஸ்'. உள்ளே எதை யாருக்கு எத்தனை ரூபாய்க்கு ஒப்பந்தம் விட்டார்கள் என்று படித்தவர்கள் எத்தனை பேர்? முந்தின ராத்திரி அதைப் படித்துவிட்டுப் போய், 'இந்த எண்ணில் என் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள்' என்று ஒருவர் எழுந்தாலே அதிகாரி மறுபடி ஃபைலைப் புரட்டுவார். தீர்மானம் நிறைவேறிவிட்டாலும் எதிர்ப்பு மினிட்ஸில் ஏறும். நாளைக்கு ஆடிட்டில் அது பேசும். அஜெண்டாவை வார்டு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுவேன்.

கேள்வி: ஏரியா சபைன்னு ஒண்ணு இருக்காமே, எங்களுக்கு யாருமே சொல்லலையே?

பதில்: இருக்கிறது. கிராமசபை போல நகரத்துக்கும் வேண்டும் என்று 2022-ல் விதி வந்தது. அந்த நவம்பர் 1 அன்று பம்மலில் முதல்வரே வந்து உட்கார்ந்தார். அந்த ஏரியாவின் வாக்காளர் அத்தனை பேரும் சபைதான். ஆனால் வார்டு கமிட்டிக்கு ஏரியாவின் சார்பில் போகிறவரை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. அதனால் கவுன்சிலருக்கு வேண்டியவரே வருவார். பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு போட்டோ எடுத்து, பிஸ்கட் டீயோடு முடிந்த கூட்டங்களை நானே பார்த்திருக்கிறேன். விதியை மாற்றுவது என் கையில் இல்லை. மன்றத்தில் அவர் பெயரைச் சொல்வதற்கு முன் சபையைக் கூட்டிக் கைதூக்கச் சொல்ல முடியும், அதைச் செய்வேன்.

கேள்வி: தெருநாய்களை ஒழிப்பீங்களா, மாட்டீங்களா? ஒரே வார்த்தை!

பதில்: மாட்டேன். ஒழிக்கிறேன் என்று சொல்பவரை நம்பாதீர்கள், சட்டம் விடாது. 2023 விதிப்படி கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடணும். வெறிபிடித்ததையும் ஆவேசமாகக் கடிப்பதையும் மட்டும் விடக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டில் பிடித்ததை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று நவம்பரில் சேர்த்தது. காது நுனியில் வெட்டு இருந்தால் அந்த நாய்க்கு கருத்தடை ஆகிவிட்டது. வெட்டு இல்லாதவை உங்கள் தெருவில் எத்தனை என்று எண்ணி அனுப்புங்கள். தேர்தல் வரை காத்திருக்க வேண்டாம், சங்கத்தின் பெயரிலேயே இந்த வாரம் மனு கொடுத்துவிடலாம்.