வக்கீல் யாரையும் தெரியாத சட்ட மாணவருக்குக் கோடையில் வேலை கிடைக்குமா?

கேள்வி: "தொண்டி பக்கம் ஊர். ஐந்தாண்டு சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு. சென்னை நிறுவனங்களுக்கு மெயில் அனுப்பி அலுத்துவிட்டது. குடும்பத்தில் வக்கீல் யாரும் இல்லை. இந்தக் கோடையில் எங்காவது வேலை கிடைக்குமா?"

கிடைக்கும். எனக்குக் கிடைத்த கதையையே சொல்கிறேன், அதில் உங்களுக்கு வேண்டியது இருக்கும்.

நான் தங்கச்சிமடம். அப்பா விசைப்படகில் போகிறவர். எங்கள் உறவில் கறுப்புக் கோட்டு போட்டவர் ஒருவரும் கிடையாது. 2023 கோடையில் நானும் உங்களைப் போலத்தான், நாற்பது மெயில் அனுப்பினேன். இரண்டுக்குப் பதில் வந்தது, இரண்டிலும் இடமில்லை. அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்பா வீட்டில் இருந்தார். "மெயிலை நம்பி உட்கார்ந்திருக்காத பாப்பா, நேர்ல போய்க் கேட்போம்" என்று அவரே கிளப்பினார். பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோயிருந்த நேரம் அது. பஸ் பிடித்து ராமநாதபுரம் போனோம்.

முதல் இரண்டு ஆபீசில் "கோர்ட்டு லீவு முடிஞ்சு வாங்க" என்றார்கள். மூன்றாவதில் வக்கீல் இல்லை, குமாஸ்தா மட்டும் இருந்தார். "தமிழ் டைப்பிங் தெரியுமா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். தெரியும் என்றேன். "நாளைக்கு ஒன்பதரைக்கு வாம்மா, சார்கிட்ட நான் சொல்றேன்" என்றார். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். மாவட்டக் கோர்ட்டைச் சுற்றியுள்ள ஆபீஸ்களில் யாரை உள்ளே விடுவது என்பதில் குமாஸ்தாவின் சொல்லுக்கு மரியாதை உண்டு. எந்தக் கட்டு (வழக்குக் கோப்பு) எங்கே இருக்கிறது, எந்த வாய்தா என்றைக்கு, நகல் மனு எப்படிப் போடுவது என்பதெல்லாம் நான் அந்த அண்ணனிடம்தான் கற்றேன்.

மே மாதம் லீவு என்று உங்களையும் திருப்பி அனுப்புவார்கள், அதனால் அந்த விவரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மே மாதத்தில் சிவில் கோர்ட்டுகளுக்குத்தான் விடுமுறை. மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் நடக்கும், ஜாமீன் மனுக்கள் வந்துகொண்டே இருக்கும். சிவில் பக்கமும் ஆபீசில் வேலை குறையாது. விடுமுறைக்குள் காலக்கெடு முடிகிற வழக்கைக் கோர்ட்டு திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம் என்று காலவரையறைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் ஜூன் முதல் நாளுக்காக மே மாதம் முழுக்கப் பிராது (வழக்கைத் தொடங்கும் மனு) எழுதிக்கொண்டிருப்பார்கள். டைப் அடிக்கவும், தேதி சரிபார்க்கவும், ஆவணப் பட்டியல் போடவும் ஆள் வேண்டும். ஒரு வழக்கு முதல் வரியிலிருந்து எப்படி உருவாகிறது என்று அந்த மாதத்தில் பார்த்த மாதிரி பிறகு நான் பார்க்கவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு கட்டு என் கைக்கு வந்தது. கடலுக்குப் போன கணவர் 2016இல் திரும்பவில்லை. ஏழு ஆண்டு தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்ற விதியை வைத்து (பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 108, இன்றைய பாரதிய சாக்ஷிய அதிநியமில் 111) அவர் இறந்ததாக அறிவிக்கக் கோரும் வழக்கு. அந்த அறிவிப்பு இல்லாததால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்க முடியாமல் அந்த அக்கா ஏழு வருடம் நின்றிருக்கிறார். நான் டைப் அடிக்கும்போது, அவர் கடலுக்குப் போன தேதி உறுத்தியது. காலண்டரில் பார்த்தேன், செவ்வாய்க்கிழமை. ராமேஸ்வரம் விசைப்படகு திங்கள், புதன், சனியில்தான் கடலுக்குப் போகும். மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. கணவர் போனது விசைப்படகு என்று கட்டிலேயே இருந்தது. தயங்கித் தயங்கி சாரிடம் சொன்னேன். அவர் மீன்வளத்துறை டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) பதிவை வாங்கிப் பார்க்கச் சொன்னார். புறப்பட்டது புதன்தான். காணவில்லை என்று கொடுத்த முதல் புகாரிலேயே ஒரு நாள் தவறாக ஏறியிருந்தது. அப்படியே தாக்கல் செய்திருந்தால் குறுக்கு விசாரணையில் அந்த அக்காவைத்தான் பொய் சொல்கிறவராக நிறுத்தியிருப்பார்கள்.

அன்றிலிருந்து கடல் சம்பந்தப்பட்ட கட்டு எது வந்தாலும் சார் என்னைக் கூப்பிட்டார். கடல் அட்டை வழக்கு, படகு விற்பனைத் தகராறு என்று எல்லாம் பார்த்தேன். கடல் அட்டை 2001லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை செய்யப்பட்ட உயிரினம். இங்கே அது அடிக்கடி வரும் வழக்கு. உங்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். சென்னை நிறுவனத்துக்கு எழுதும்போது உங்கள் ஊர் வெறும் முகவரி. ராமநாதபுரத்திலோ திருவாடானையிலோ அதுவே உங்கள் தகுதி. வலையின் பெயர், படகின் பதிவு எண், கரையில் கடன் கொடுக்கல் வாங்கல் நடக்கிற விதம், இதெல்லாம் வெளியூர் மாணவருக்கு ஒரு மாதத்தில் வராது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் கோடையில் சம்பளம் இல்லை. தடைக்காலத்தில் வீட்டில் வருமானமும் இல்லை. மூன்றாவது வாரத்தில் குமாஸ்தா அண்ணன் சாரிடம் பேசி பஸ் காசு வாங்கிக் கொடுத்தார். பஸ் காசு கேட்கத் தயங்க வேண்டாம். தினமும் இவ்வளவு ஆகிறது என்று நேராகச் சொல்லுங்கள்.

சம்பளம் 2024இல் வந்தது. ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் வழக்காடும் ஒரு வக்கீலிடம் சார் போனில் சொன்னார். ஹைகோர்ட்டுக்கும் மே விடுமுறை என்பதால் ஜூனில் சேர்ந்தேன். ஜூலை 1 முதல் மூன்று குற்றவியல் சட்டங்களும் மாறப்போகின்றன என்று ஆபீசே பரபரப்பாக இருந்தது. நான் பழைய பிரிவு, புதிய பிரிவு என்று ஒரு அட்டவணை எழுதினேன். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்ததில், எஃப்ஐஆர் 154 இப்போது 173. முன்ஜாமீன் 438 இப்போது 482. இதில்தான் எல்லோரும் தடுமாறினார்கள். பழைய 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு, அது இப்போது 528க்குப் போய்விட்டது. அந்தத் தாளை டைப்பிஸ்ட் மேசைக்கு மேலே ஒட்டிவைத்தார்கள். மாதம் ஐந்தாயிரம் கொடுத்தார்கள். அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பார் கவுன்சில் விதியையும் மனதில் வையுங்கள். ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம், மூன்றாண்டுக்கு 12 வாரம் பயிற்சி வேண்டும். ஒரு வருடத்தில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கணக்கில் வராது. விசாரணை நீதிமன்ற வக்கீல், மேல்முறையீட்டு வக்கீல் இருவரிடமும் ஒரு முறையாவது இருந்திருக்க வேண்டும். நாட்குறிப்பை அன்றன்றே எழுதிவிடுங்கள், கடைசியில் மொத்தமாக எழுத உட்கார்ந்தால் ஒன்றும் நினைவுக்கு வராது.

அப்புறம், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் விசாரியுங்கள். சட்ட மாணவர்களைத் தன்னார்வலராக எடுப்பார்கள். இலவச சட்ட உதவி கேட்டு வருகிற பெண்களின் பிரச்சினைகளை அங்கே நேரில் கேட்கலாம்.

நீங்கள் தொண்டி என்றால் திருவாடானை கோர்ட்டு பக்கம். ஒரு திங்கள்கிழமை ஒன்பதரைக்குப் போங்கள், வக்கீல்கள் கோர்ட்டுக்குக் கிளம்பும் முன். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட் போதும், கோட்டு இப்போதைக்கு வேண்டாம். கையில் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிய கடிதம்: எந்த ஊர், எந்த வருடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும், தமிழ் டைப்பிங் தெரியுமா. டைப்பிங் தெரியாவிட்டால் இன்றைக்கே தொடங்குங்கள், ஏப்ரலுக்குள் கை பழகிவிடும். வக்கீல் இல்லாவிட்டால் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டு, மறுநாளும் போங்கள்.