‘இலவச’ எழுத்துருவை நம்பிக் கடைப் பலகை செய்யலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் மின்சார ஸ்கூட்டர் கடை திறக்கிறேன். விண்கலத்தில் எழுதியிருப்பதுபோல் தடித்த, சதுரமான எழுத்துரு ஒன்றை டிசைனர் காட்டினார். ‘இலவசம்தான், தமிழும் வரும்’ என்கிறார். ஏசிபி (அலுமினியக் கூட்டுத் தகடு) போர்டுக்கு முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

‘தமிழும் வரும்’ என்பதை முதலில் சோதியுங்கள். இவ்வகை எழுத்துருக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மட்டும் வரைந்தவை. தமிழில் தட்டினால் கணினி தன்னிடமுள்ள வேறு எழுத்துருவை இரவல் வாங்கிக் காட்டும். அல்லது வெறும் கட்டம் வரும். பலகையிலோ தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 என்பது அரசு சொல்லும் அளவு. பலகை மாட்டிய பிறகு நோட்டீஸ் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, கடை பதியும்போதே இதை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்க ஏன் முடியவில்லை?

அடுத்தது ‘இலவசம்’. பத்தாயிரம் ஃபாண்ட் அடங்கிய பென் டிரைவ் ஒன்று டெல்டாவின் ஃப்ளெக்ஸ் கடைகளில் கைமாறிக்கொண்டே இருக்கிறது. அதை நம்பாதீர்கள். இந்தச் சதுர பாணி 1962-இல் இத்தாலியின் ஆல்டோ நோவரேசே வடித்த யூரோஸ்டைலிலேயே உண்டு. அது விலைக்கு விற்கப்படும் எழுத்துரு. அதன் சாயல்களோ வேறு வேறு பெயரில் உலவுகின்றன. பதிவிறக்கிய கோப்போடு வரும் உரிமக் குறிப்பைத் திறந்து பாருங்கள். ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்றிருந்தால் கடைப் பலகைக்கு ஆகாது. உங்கள் டிசைனர் அதைத் திறந்தே இருக்கமாட்டார் என்பது என் அனுபவம்.

உரிமத்தை நீங்களே வாங்க வேண்டும் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு; இதில்தான் பலர் குழம்புகிறார்கள். டிசைனர் முறையாக உரிமம் வாங்கி, உங்கள் பெயரை வடிவமைத்து, எழுத்தை ‘கர்வ்’ ஆக்கி, அதாவது வெறும் கோட்டுப்படமாக்கித் தந்தால், பெரும்பாலான உரிமங்களில் நீங்கள் தனியாக வாங்கத் தேவையில்லை. எழுத்துருக் கோப்பு உங்கள் கைக்கு வரக்கூடாது, அவ்வளவுதான். அதே எழுத்துருவை இணையதளத்திலோ செயலியிலோ பதித்தால் கதை வேறு. அதற்குப் பொதுவாகத் தனி உரிமம் வேண்டும். உரிமம் டிசைனர் பெயரில் இருக்கிறதா என்பதைப் பார்த்துவிடுங்கள். ‘நண்பர் கொடுத்தார்’ என்பது உரிமமல்ல.

இத்தனை அலைச்சலே வேண்டாமென்றால், ஆங்கிலத்துக்கு ஆர்பிட்ரான், தமிழுக்குக் கேட்டமரன் அல்லது அனெக் தமிழ். மூன்றும் திறந்த உரிமம், வணிகத்துக்கும் காசில்லை. அனெக்கில் அகலத்தைக் கூட்டலாம். சதுர ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் பொருந்தி நிற்கும். ஆங்கிலத்துக்கு ஈடாகத் தமிழையும் சதுரத்துக்குள் திணிக்கச் சொல்லாதீர்கள். மிகத் தடித்தால் ண, ன சுழிகள் அடைத்துக்கொள்ளும். உள்ளே எல்இடி எரிந்தால் இன்னும் மோசம். ஒரு தாளில் அச்சடித்து எதிர்ச்சாரிக் கடைச் சுவரில் ஒட்டி, மாலை மங்கும்போது உங்கள் வாசலிலிருந்து வாசித்துப் பாருங்கள்.

வாசிக்க முடிந்தால், எழுத்துருவின் பெயர், உரிமக் கோப்பு, ‘கர்வ்’ செய்த பிடிஎஃப் மூன்றையும் கையில் வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.