பாய்லர் மூடியைக் கழற்றும் கைக்கருவி: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

சென்னையில் பாய்லர் ஃபிட்டராக 26 வருடம் ஆகிறது. ஓட்டல் கிச்சனுக்கு ஸ்டீம் கொடுக்கும் சின்ன பாய்லர், ஆஸ்பத்திரி லாண்டரி, சாயப்பட்டறை என்று எல்லா இடத்திலும் மூடி கழற்றியிருக்கிறேன். ஹேண்ட்ஹோல், அதாவது பாய்லருக்குள் கைவிட்டுச் சுத்தம் செய்யும் துளையின் மூடியைக் கழற்ற நான் வைத்திருக்கும் கருவியின் படத்தைப் போன வாரம் போட்டதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கிண்டியில் படிக்கும் ஒரு மெக்கானிக்கல் மாணவர்: சார், நட்டைக் கழற்ற ஸ்பேனர் போதுமே, தனியாக ஒரு கருவி எதற்கு?

நட்டைக் கழற்ற ஸ்பேனர் போதும் தம்பி, அதற்கு அப்புறம்தான் பிரச்சினையே. நாம் வழக்கமாகப் பார்க்கும் மூடி வெளியிலிருந்து வைத்து மூடுவது. பாய்லரின் ஹேண்ட்ஹோல் மூடியும், ஆள் இறங்கும் மேன்ஹோல் மூடியும் பெரும்பாலும் உள்பக்கமிருந்து வந்து உட்காரும். மூடியின் நடுவிலிருந்து ஸ்டட் என்னும் மரை வெட்டிய தண்டு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதில் டாக் என்று சொல்லும் பாலத்தை மாட்டி, பாலத்தின் இரண்டு காலும் ஷெல்லின் (பாய்லரின் வெளி உடல்) மேல் நிற்க, நட்டைப் போட்டு இறுக்குவோம். உள்ளே ஸ்டீம் ஏற ஏற மூடி இன்னும் அழுத்தமாகத் தன் இடத்தில் உட்காரும், அதுதான் இந்த வடிவத்தின் அழகு. ஆனால் நட்டையும் டாக்கையும் எடுத்துவிட்டால் அந்த மூடியைத் தாங்க வேறு எதுவும் கிடையாது. ஈரமும் துருவுமாக வழுக்கும் ஸ்டட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, உள்ளே தள்ளி, திருப்பி, சாய்த்து வெளியே எடுக்க வேண்டும். கை நழுவினால் மூடி பாய்லருக்குள் போய்விடும்.

என் கருவி ஒன்றரை அடி நீளக் கம்பி, 20 மில்லிமீட்டர் கனம். ஒரு முனையில் ஸ்டட்டின் மேல் திருகிக்கொள்ள மரை வெட்டிய சாக்கெட், மறுமுனையில் டி வடிவக் கைப்பிடி, நடுவில் முன்னும் பின்னும் ஓடும் இரண்டு கிலோ எடை ஒன்று. ஸ்டட்டில் திருகியபின் மூடி உங்கள் கையில் இருக்கிறது, உள்ளே விழாது. எடையை முன்பக்கம் ஓட்டி அடித்தால் மூடிக்கும் ஷெல்லுக்கும் நடுவில் கசிவைத் தடுக்க வைக்கும், ஒட்டிப்போன கேஸ்கெட் விடும், அடி சாக்கெட்டில் இறங்குவதால் ஸ்டட்டின் மரை நசுங்காது. திரும்ப மாட்டும்போது அதே கைப்பிடியால் மூடியை இழுத்துப் பிடித்துக்கொண்டே டாக்கைப் போடலாம்.

அதே மாணவர்: மூடி ஏன் முட்டை வடிவத்தில் இருக்கிறது?

வட்ட மூடி தன்னைவிடச் சின்ன வட்டத் துளைக்குள் எப்படித் திருப்பினாலும் போகாது. நீள்வட்டம் என்றால் திருப்பிச் சாய்த்து குறுகிய பக்கமாக நுழைத்துவிடலாம். இன்னொன்றையும் பாருங்கள். உருளையான ஷெல்லில் சுற்றுவாக்கில் வரும் இழுவிசை நீளவாக்கில் வருவதைப் போல இரண்டு மடங்கு, அதனால் துளையின் குறுகிய பக்கத்தை ஷெல்லின் நீளத்தோடு சேர்த்து வைப்பார்கள், அதிக விசையைத் தாங்கும் தகட்டைக் குறைவாக வெட்டினால் போதும் என்பதற்காக. அடுத்த முறை ஏதாவது பாய்லரைப் பார்த்தால் ஷெல்லின் மேல் இருக்கும் மேன்ஹோல் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று கவனியுங்கள்.

அம்பத்தூரிலிருந்து ஒரு மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர்: அண்ணே, ஒரு மூடி அசையவே மாட்டேன் என்கிறது. நாலு பவுண்டு சுத்தியால் இரண்டு பேர் மாற்றி மாற்றி அடித்துவிட்டார்கள். அழுத்தம் காட்டும் கேஜ் பூஜ்யத்தில்தான் இருக்கிறது. உங்கள் கருவியை வாங்கினால் வந்துவிடுமா?

முதலில் அடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். இதைத்தான் இன்றைக்கு எல்லோருக்கும் சொல்ல வந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். உள்ளே தள்ள வேண்டிய மூடி உள்ளே போகவில்லை என்றால் கேஸ்கெட் ஒட்டியிருக்கலாம், அல்லது உள்ளிருந்து ஏதோ ஒன்று மூடியை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12க்கு 16 அங்குல மேன்ஹோல் என்றால் பரப்பு ஏறக்குறைய 970 சதுர சென்டிமீட்டர். நம் ஊரில் சாதாரணமாகப் பார்க்கும் 10.54 கிலோ பாய்லர், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு அத்தனை கிலோ அழுத்தம் உள்ளது, முழு அழுத்தத்தில் ஓடும்போது அந்த மூடியின் மேல் 10 டன்னுக்கு மேல் விசை இருக்கும். சரி, அது ஓடும்போது. நிறுத்திய பிறகு உள்ளே வெறும் அரை கிலோ அழுத்தம் மிச்சம் இருந்தாலும் 480 கிலோவுக்கு மேல் வருகிறது. 21 கிலோ வரை காட்டும் கேஜில் அரை கிலோவுக்கு முள் கொஞ்சம்தான் நகரும், கண்ணுக்குத் தப்பிவிடும், கேஜுக்குப் போகும் வளைந்த சைஃபன் குழாய் அடைத்திருந்தால் அதுகூடத் தெரியாது. கேஜ் பூஜ்யம் காட்டுவதை வைத்து உள்ளே ஒன்றும் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். மேலே இருக்கும் ஏர் வென்ட்டைத் திறந்து, அது உண்மையிலேயே திறந்திருக்கிறதா, அடைப்பில்லாமல் காற்று போய் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் அடியில் டிரெயின், அதாவது தண்ணீரை வடிக்கும் வால்வைத் திறந்து தண்ணீர் முழுக்க வடிந்ததா என்று பாருங்கள். கொஞ்சம் வந்து நின்றுவிட்டது என்றால் வடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், சேறு அடைத்திருக்கலாம்.

பல வருடத்துக்கு முன்னால் ஒரு தொழிற்சாலையில் இதே மாதிரி டிரெயின் அடைத்திருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. கீழ் மூடி அசையவில்லை என்று என்னோடு இருந்த பையன் நட்டை முழுதாக எடுத்துவிட்டு அடித்தான். நாலாவது அடியில் மூடி உள்ளே சாய்ந்தது, சுடுதண்ணீரும் சேறும் அவன் தொடையில் கொட்டியது. ஆறு வாரம் படுத்திருந்தான். அன்றைக்கு மேஸ்திரி ஸ்தானத்தில் இருந்தவன் நான்தான், டிரெயினைக் கம்பி விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதிலிருந்து வென்ட்டையும் டிரெயினையும் என் கண்ணால் பார்க்காமல் யாரையும் ஸ்பேனர் எடுக்க விடுவதில்லை.

இரண்டும் சரியாக இருந்தால் நட்டை நாலைந்து சுற்று மட்டும் தளர்த்துங்கள், கழற்றாதீர்கள். டாக்கும் அப்படியே இருக்கட்டும். இப்போது நட்டுக்கு வெளியே நீண்டிருக்கும் ஸ்டட்டில் கருவியைத் திருகி எடையால் தட்டுங்கள். மூடி விட்டாலும் நட்டு தளர்ந்த அளவுக்குத்தான் உள்ளே போகும், மிச்சத் தண்ணீர் இருந்தால் ஓரமாகக் கசியும், நீங்கள் விலகி நிற்கலாம். முகத்தையும் காலையும் மூடிக்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில் நின்று செய்யுங்கள். உங்கள் மூடிக்கு வருவோம், நாலு பவுண்டு அடி வாங்கிய ஸ்டட் காளான் மாதிரி விரிந்திருக்கும், நட்டு வெளியே வராது. ஸ்டட்டின் முனையை அரம் போட்டுச் சரி செய்து மரையை, மரை வெட்டும் டையால் ஓட்டிவிட்டுத்தான் மற்றது.

திருவல்லிக்கேணியிலிருந்து ஓட்டல் நடத்தும் ஒருவர்: இரண்டு நாள் சும்மா ஆறவிட்டால் அழுத்தம் தானாகப் போய்விடாதா?

போய்விடும், ஆனால் அதற்கு அப்புறம் எதிர்ப்பக்கப் பிரச்சினை வரும் சார். வென்ட்டைத் திறக்காமல் ஆறவிட்டால் உள்ளே ஸ்டீம் தண்ணீராகி வெற்றிடம் உண்டாகும். உள்பக்கம் உட்காரும் மூடியை இப்போது வெளிக்காற்றே உள்ளே தள்ளும். டாக்கை எடுத்த கணத்தில் மூடி கையை விட்டு உள்ளே பாயும், ஸ்டட்டைப் பிடித்திருந்தால் விரலும் துளைக்குள் இழுபடும். அழுத்தம் பூஜ்யத்துக்கு வரும் நேரத்தில் வென்ட்டைத் திறந்துவிட்டு, அப்படியே திறந்த நிலையில் ஆறவிடுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று பச்சைத் தண்ணீரை விடாதீர்கள், குழாய் முனைகள் கசிய ஆரம்பித்துவிடும்.

பாடியிலிருந்து லேத் பட்டறை வைத்திருப்பவர்: நானே செய்துகொள்ளலாமா? ஒரு எம் 20 நீள நட்டைக் கம்பியில் வெல்டு அடித்தால் ஆயிற்றே?

தாராளமாகச் செய்யலாம், என்னுடையதே ஒரு லேத்தில் கடைந்ததுதான். ஆனால் எம் 20 என்று நீங்கள் சொன்ன இடத்தில்தான் வழுக்குகிறது. பழைய பாய்லர்களில் ஸ்டட் பெரும்பாலும் ஆறு நூல் (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு), அதாவது முக்கால் அங்குல விட்வொர்த் என்னும் பழைய பிரிட்டிஷ் மரை. விட்டம் 19.05 மில்லிமீட்டர், மரை இடைவெளி 2.54. எம் 20 நட்டு 20 மில்லிமீட்டர், இடைவெளி 2.5. இடைவெளி இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் எம் 20 நட்டு அந்த ஸ்டட்டில் சுகமாக ஏறும், இறுகியது மாதிரியே தோன்றும், ஆனால் மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். எடையால் இரண்டு தட்டுத் தட்டினால் கழன்று வந்துவிடும், மூடி உள்ளே போகும். ஐந்து நூல் ஸ்டட்டில் எம் 16 போட்டால் இரண்டு சுற்றிலேயே இறுகி உங்களை எச்சரித்துவிடும், முக்கால் அங்குலம்தான் ஏமாற்றும்.

மரை கேஜ் வைத்து அளந்துவிட்டு வெட்டுங்கள். சாக்கெட்டில் குறைந்தது விட்டத்தின் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும். சாக்கெட்டையும் கம்பியையும் வெறும் வெல்டு மட்டும் நம்பி ஒட்டாமல், கம்பியையும் சாக்கெட்டுக்குள் திருகிவிட்டு அதன் மேல் வெல்டு அடியுங்கள், ஏனென்றால் எடை அடிக்கும் ஒவ்வொரு அடியும் அந்த இணைப்பில்தான் இறங்கும். எடை பின்பக்கம் வந்து மோதும் நிறுத்தத்துக்கும் கைப்பிடிக்கும் நடுவில் நாலு விரல் இடம் விடுங்கள், இல்லையென்றால் உங்கள் கைதான் நிறுத்தம்.

மணலியிலிருந்து ஒரு பாய்லர் அட்டெண்டன்ட்: அண்ணா, மூடி உள்ளே விழுந்தே விட்டது. விட்டுவிட்டு வேறு மூடி போட்டுவிடலாமா?

வேண்டாம். அடியில் கிடக்கும் மூடி பிளோடவுன் துளையை, அதாவது சேற்றுத் தண்ணீரை வெளியே தள்ளும் துளையை, அடைக்கலாம், அதன் அடியில் சேறு சேர்ந்து அந்த இடத்துத் தகடு அரிக்கும். பக்கத்து ஹேண்ட்ஹோலைத் திறந்து லைட் விட்டுப் பாருங்கள், கம்பிக் கொக்கியும் நல்ல காந்தமும் இருந்தால் பெரும்பாலும் வந்துவிடும். எது வந்தாலும் வராவிட்டாலும் மேலதிகாரியிடம் சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள். இனிமேல் கருவி இல்லாத நாளில் ஸ்டட்டின் முனையில் ஜிஐ கம்பியை இறுக்கிக் கட்டி, மறுமுனையை வெளியே எதிலாவது கட்டிவிட்டு அப்புறம் டாக்கை எடுங்கள். ஐந்து ரூபாய்க் கம்பி ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

ஒரு அம்மா: என் மகன் பாய்லர் வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. மேன்ஹோலைத் திறந்ததும் உள்ளே இறங்கித் துடைக்கச் சொல்கிறார்களாம். பயமாக இருக்கிறது, என்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

அம்மா, நீங்கள் பயப்படுவதில் தப்பே இல்லை. மகனிடம் சில கேள்விகளைச் சொல்லிக் கொடுங்கள், இதைக் கேட்பது அவன் உரிமை. அங்கே இரண்டு பாய்லர் இருந்தால், அடுத்த பாய்லரிலிருந்து ஸ்டீம் வரும் வால்வும், இரண்டுக்கும் பொதுவான பிளோடவுன் வால்வும் பூட்டுப் போட்டுப் பூட்டியிருக்கிறதா? பிளோடவுன் குழாயை நிறையப் பேர் மறந்துவிடுவார்கள், பக்கத்து பாய்லரை பிளோடவுன் செய்தால் சுடுதண்ணீர் அந்தப் பொதுக் குழாய் வழியாக ஆள் இருக்கும் பாய்லருக்குள் வந்துவிடும். உள்ளே காற்றைச் சோதித்தார்களா? வெளியே ஒருவர் மேன்ஹோல் பக்கத்திலேயே, வேறு வேலை பார்க்காமல், இவன் குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறாரா? உள்ளே கொண்டுபோகும் கைவிளக்கு 24 வோல்ட்டா? 1948 தொழிற்சாலைகள் சட்டம் அமலில் இருந்தபோதே இப்படிப்பட்ட இடத்தில் 24 வோல்ட்டுக்கு மேல் கைவிளக்குக்கு, தகுந்த பாதுகாப்புச் சாதனம் இல்லாமல், அனுமதி கிடையாது. இவற்றில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் அவன் இறங்கக் கூடாது. நானாக இருந்தால் என் மகனை விடமாட்டேன்.

குரோம்பேட்டையிலிருந்து ஒருவர்: பழைய கேஸ்கெட்டையே திருப்பிப் போடலாமா? கொஞ்சம் பேஸ்ட் தடவினால்?

இரண்டும் கூடாது. ஒரு தடவை அழுந்திய கேஸ்கெட் அடுத்த தடவை அதே மாதிரி உட்காராது, பேஸ்ட் தடவினால் மூடி வழுக்கி நகரும், அடுத்த முறை திறக்கும்போது அசையாத மூடிக்குக் காரணமும் அதுவே. மூடியை மாட்டும்போது துளைக்கு நடுவில் வையுங்கள், சுற்றிலும் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டினால் கேஸ்கெட் அந்த வழியாகப் பிதுங்கிவிடும். ரொம்பப் பழைய பேக்கிங் என்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காய்ந்த நிலையில் வயர் பிரஷ், கிரைண்டர் போடாமல் நன்றாக நனைத்துச் சுரண்டுங்கள், மாஸ்க் போடுங்கள். ஸ்டீம் ஏறியதும் நட்டு கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கும், மூடி உள்ளிருந்து அழுந்துவதால் அப்படி, சாதாரண ஸ்பேனரால் ஒட்ட வைத்தால் போதும். கசிந்தால் ஸ்பேனரில் பைப் மாட்டி நீட்டி இறுக்காதீர்கள், நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள்.

இன்ஸ்பெக்ஷனுக்கு எல்லா மூடியையும் திறந்து வைக்க வேண்டுமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

உள்ளே பார்க்கும் இன்ஸ்பெக்ஷன் என்றால் ஆமாம், திறந்து, சுத்தம் செய்து, உலர்த்தி வைக்க வேண்டும். பாய்லரைத் தயார் செய்து வைப்பது உரிமையாளரின் பொறுப்பு என்று 1923 சட்டத்திலேயே இருந்தது, இப்போது அதன் இடத்தில் 2025 சட்டம் வந்திருக்கிறது.

கடைசியாக, கருவியும் கேஸ்கெட்டும் பாரிமுனையில் எங்கே கிடைக்கும் என்று பலர்.

லிங்கி செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு, இரண்டிலும் நடந்து பாருங்கள். கேஸ்கெட், ஸ்டட், நட்டு எல்லாம் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், கருவியை மட்டும் பெரும்பாலும் லேத்தில் சொல்லித்தான் செய்ய வேண்டியிருக்கும். போகும்போது உங்கள் பாய்லரின் பழைய நட்டு ஒன்றையும், மூடியின் அளவை அட்டையில் வரைந்து வெட்டியதையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். போனில் படம் காட்டினால் ஆறு நூலா எம் 20ஆ என்று கடைக்காரருக்கும் தெரியாது.